உக்காந்த சாமியிடம் வைத்த வேண்டுதல்

காஞ்சிபுரத்துக்கு நான் கோயில் பார்க்கவும் போகவில்லை, புடவை வாங்கவும் போகவில்லை. என் மனைவி என்னவோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் அனுப்பினாள். ஆனால் விஷயம் வேறு. சபாபதி அண்ணன் தன் பெண்டாட்டியிடம் அனுமதி கேட்கப் போனார், துணைக்கு நான் போனேன். இதற்காக யாராவது பினாங்கிலிருந்து கப்பல் ஏறுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே போனேன்.

அண்ணன் எனக்கு உறவில்லை. பினாங்கில் எங்கள் தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் மருந்து இடிப்பவர். சொந்த ஊர் காஞ்சிபுரம். யுத்தத்துக்கு முன்னால், கல்யாணமான மறு வருஷமே, ரசவாதம் கற்றுத் தர மலாயாவில் ஒருத்தர் இருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பிக் கப்பல் ஏறிவிட்டார். பாதரசத்தைக் கட்டி மணியாக்க வேண்டும், அந்த மணி செம்பைத் தங்கமாக்கும், தங்கத்தோடு ஊர் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம். குரு கிடைக்கவில்லை, யுத்தம்தான் வந்தது. யுத்தம் போன பிறகும் இவர் திரும்பவில்லை. இன்னும் பாதரசம் கட்டவில்லையே!

நாங்கள் தெருவில் எத்தனையோ பேர் அவர் அடுப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். சட்டியில் சரக்கைப் போட்டு, வாயை மண்ணும் துணியுமாகப் பூசி, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார். புடம் தானாக ஆறும்வரை தொடக் கூடாது என்பது அவரே சொல்லும் விதி. ஆனால் மனுஷனுக்குப் பொறுமை கிடையாது. சூட்டோடு திறந்துவிடுவார். குப்பென்று புகை வரும், பாதரசம் போய்விடும். அந்தப் புகையைக் குடித்துக் குடித்துக் கை நடுக்கம் வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நாள் பினாங்கிலிருக்கும் பர்மாக்காரர்களின் புத்தர் கோயிலில் வயதான பிக்கு ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கூட அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஞானத்துக்கு நான்கு படிகள் உண்டு என்று அந்தப் பிக்கு சொன்னாராம். “தம்பி, இது நம்ம ரசவாதம்! நான் இத்தனை வருஷம் தப்பான சட்டியில காய்ச்சிருக்கேன். சட்டி நான்தான்!” என்றார். அன்றோடு அடுப்பை இடித்தார். தினமும் பர்மாக் கோயில், கண்ணை மூடி உட்காருதல், மத்தியானத்துக்கு மேல் சோறு கிடையாது. கடைசியில் காவி கட்டிக்கொள்கிறேன் என்று போய் நின்றார். பிக்கு கேட்டாராம், “வீட்டில் யார் இருக்கிறார்கள்?” இவர் பொய் சொல்லவில்லை. “அப்படியானால் அந்த அம்மா மனசாரப் போ என்று சொல்லட்டும். பிறகு வா” என்று பிக்கு அனுப்பிவிட்டார்.

மெட்ராஸிலிருந்து பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நின்றது. முன்னாலிருந்து ஆவி அடித்தது. கண்டக்டர் தகர டின்னோடு ஏரிக்குப் போனார். அவர் போன வேகத்தைப் பார்த்தால் ஏரியை வெட்டிவிட்டுத்தான் வருவார் போலிருந்தது. பினாங்கில் பஸ் நின்றால் எதிரே ஒரு சீனன் கடையாவது இருக்கும், ஐஸ் போட்ட கோப்பி குடிக்கலாம். இங்கே ஒரு புளியமரமும் ஒரு வெள்ளரிப் பிஞ்சுக்காரியும்தான். வெள்ளரிப் பிஞ்சை மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தின்றேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது.

அண்ணன் குந்தி உட்கார்ந்து குச்சியால் மண்ணில் நான்கு வட்டம் போட்டார். எனக்குப் பாடம் எடுப்பதென்றால் அவருக்கு அலுக்காது.

“பாதரசமும் கந்தகமும் சேர்த்து அரைச்சா என்ன ஆகும்? பளபளப்பெல்லாம் போய்க் கறுப்பாயிடும். அது முதல் படி. ஓடையில இறங்கியவர்னு சொல்வாங்க. நான், நான்ங்கிற பளபளப்பு போகணும். சந்தேகம் போகணும். சடங்கு செஞ்சே கரையேறிடலாம்ங்கிற நெனப்பும் போகணும்.”

“ரெண்டாவது?”

“வெளுப்பு. கறுப்பைக் கழுவிக் கழுவி உப்பு மாதிரி வெளுத்துடும். ஆசையும் கோபமும் மெலியும். இந்தப் படியில இருக்கிறவர் இந்த உலகத்துக்கு இன்னும் ஒரு தடவைதான் வருவார். மூணாவது மஞ்சள். ஆசையும் கோபமும் வேரோட போயிடும். அவர் திரும்ப மாட்டார். நாலாவது சிவப்பு, செந்தூரம். அவர்தான் அரகந்தர், முழுசா விடுபட்டவர். அந்த மணியை நெருப்புல போட்டாலும் ஓடாது.”

“நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க அண்ணே?”

அண்ணன் கூச்சத்தோடு சிரித்தார். “வெளுப்பு முடிஞ்சாச்சு. மஞ்சளுக்குள்ள ஒரு கால் வெச்சிருக்கேன்னு நெனக்கிறேன்.”

அந்த நேரம் பார்த்து, டின்னோடு ஓடி வந்த கண்டக்டர் மூன்றாவது வட்டத்தில் கால் வைத்து, பாதித் தண்ணீரை அண்ணன் வேட்டியில் கொட்டினார். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?” என்று அண்ணன் கத்திய கத்தலில் வெள்ளரிக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

“இன்னா பெரியவரே, தண்ணிதான? காஞ்சிடும்பா” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணனே, “மஞ்சள் இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு விடுதியில் இறங்கினோம். விடுதி என்று போர்டு சொன்னது. ஜன்னல் கதவு கழன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஓட்டலில் மந்தாரை இலை போட்டு வேகவைத்த இட்லி கிடைத்தது. மிளகும் சுக்கும் நெய்யும் போட்டு, நாட்டு மருந்துக்கும் பலகாரத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. அண்ணன் மத்தியானத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை என்பதால் என் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்த பார்வையில் ஆசை மெலிந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து மேஜையில் இரண்டு பட்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் என் அண்டை வீடு தெலுங்கு வீடு, அதனால் எனக்குப் புரியும். “மாப்பிள்ளைக்குத் தறி பிடிக்கவில்லையாம், பம்பாய்க்கு ஓடிவிட்டான்” என்றார் ஒருவர். “அப்படியானால் உன் பெண்ணும் வெள்ளிக்கிழமை ஐயம்பேட்டைக்குக் கிளம்ப வேண்டியதுதான்” என்றார் மற்றவர். ஐயம்பேட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நேராகப் பெண்டாட்டி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அண்ணன் கோயில் பார்க்கலாம் என்றார். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றினோம். காமாட்சியைக் கும்பிட்டோம். பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ கோயில்களுக்குள் நுழைந்து வெளியே வந்தோம். ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்கப் புத்த மடங்கள் இருந்தன, இங்கிருந்துதான் ஒரு துறவி சீனாவுக்கே போனார் என்று பினாங்குச் சீனர்கள் சொல்வார்கள். காவி கட்டுவதற்கு முன்னால் தன் சொந்த ஊர்ப் புத்தரை ஒரு தடவை விழுந்து கும்பிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. தூணுக்குத் தூண் தேடினார். பூ விற்கிற அம்மாவிடம் கேட்டதற்கு, “புத்தரா? அவரு மெட்ராஸு மூசியத்துல இருப்பாருப்பா. அஞ்சு முழம் போடட்டா?” என்றாள்.

வெயிலில் என் கால் கொப்புளித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அண்ணே, நாம சாமிகிட்ட அனுமதி வாங்க வரல. உங்க வீடு எந்தத் தெரு?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “நாளைக்குக் காலையில போவோம் தம்பி. பயமா இருக்கு.”

விடிந்ததும் போனோம். தெரு நெடுக நெசவுக்கான பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சைப் பட்டு நூல், நடுநடுவே குச்சி. ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாண்ட வழியே இல்லை. “யோவ், குனிஞ்சி போய்யா! தல நூல்ல பட்டுதுன்னா அவ்ளோதான்” என்று ஒருவர் அதட்டினார். அந்தத் தெருவில் பிறந்த மனுஷன், என் பின்னால், முதுகை வளைத்துத் தவழ்ந்துதான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

முன் அறையில் குழித்தறி. உள்ளே ஒரு அம்மா ராட்டையில் ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, நெற்றியில் பெரிய குங்குமம். நிமிர்ந்து பார்க்காமலே, “யாரு? நூலு கொண்டாந்தீங்களா?” என்றாள்.

நான் அண்ணனை முழங்கையால் இடித்தேன்.

“பாக்கியம்” என்றார்.

ராட்டை நின்றது. அந்த அம்மா அண்ணனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், நடுங்குகிற கையைப் பார்த்தாள், கையிலிருந்த பையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. “கால் கழுவிக்கினு வாங்க. தொட்டியில தண்ணி இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குரல் தெருவுக்கே கேட்டது. “கஸ்தூரி! அடியே கஸ்தூரி! வந்துட்டாருடீ! உக்காந்த சாமி கண்ணத் தொறந்துட்டாரு!”

கஸ்தூரி பக்கத்து வீட்டுக்காரி. ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது. எனக்கு விஷயத்தைச் சொன்னது அவள்தான்.

“ஐயம்பேட்ட தாண்டி வயல் நடுவுல ஒரு சாமி கீறாருப்பா. மத்த சாமியெல்லாம் நிக்கும், ஆடும், மயிலு மேல போவும். இவரு மட்டும் கால மடிச்சிக்கினு உக்காந்தே இருப்பாரு. ஊரு சுத்தப் போன ஆம்பளைங்கள இவருதான் இட்டாந்து வூட்டுல உக்கார வெப்பாரு. பாக்கியக்கா ஒரு வெள்ளிக்கெழம வுட்டதில்ல. இன்னிக்குப் பாரு!”

கால் மடித்து உட்கார்ந்திருக்கிற சாமி. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

கேட்க வந்ததை அவர் அன்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? பாக்கியம் அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டாள். கத்தரிக்காய் வாங்கி எண்ணெயில் வதக்கினாள், கல்யாணமான புதிதில் அவருக்கு அதுதான் பிடிக்குமாம். ராத்திரி சோற்றை அவர் வேண்டாம் என்றதும் மூடி வைத்தாள். தெருவில் இருப்பவர்கள் ஆள் ஆளாக வந்து, மிருகக்காட்சி சாலையில் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தறிக்குழிப் பக்கத்தில் பாயில் படுத்து, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார்.

“எப்பத்தான் கேக்கப் போறீங்க?” என்றேன்.

“கொஞ்சம் ஆறட்டும் தம்பி.”

“நீங்களா ஆறட்டும்ங்கிறீங்க? ஆயுசுல ஒரு சட்டியை ஆறவிட்டதுண்டா?” எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அக்கா உள்ளேயிருந்து, “என்னாப்பா சண்ட?” என்றாள். ஒன்றுமில்லை என்றோம்.

அவள் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டது அதைவிட மோசம். “மருந்துக் கடைய இங்கயே வெச்சிக்கலாம்ல தம்பி? முன் ரூம்ல ஒரு ஓரமா தடுத்துட்டா போவுது. தறி கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்.” நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருக்கு அக்கா, காப்பி நல்லா இருக்கு என்றேன். பினாங்குக் கோப்பியில் வெண்ணெய் போட்டு வறுத்த கசப்பு இருக்கும். இது பால் வாசனையாக, மெத்தென்று இருந்தது. பாதியை அப்படியே வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேண்டுதல் தீர்க்க ஐயம்பேட்டைக்குப் புறப்பட்டோம். ஜட்காவில் அக்கா, கஸ்தூரி, இரண்டு தூக்கு, ஒரு குடம், நாங்கள். மற்றப் பெண்கள் இன்னொரு வண்டியில். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. பினாங்கில் மூன்று சக்கரத் திரிஷா மிதிப்பவன் நின்றால் திட்டலாம். குதிரையை என்ன சொல்வது? “பேஜாரு பண்ணுதுபா. யாராச்சும் எறங்குனாதான் நகரும்” என்றார் வண்டிக்காரர். நானும் அண்ணனும் இறங்கி நடந்தோம். குதிரை உடனே ஓடிவிட்டது. வரப்பு வழியாக நாங்கள் நடந்தே போய்ச் சேர்ந்தோம்.

வேப்பமரத்தடியில் சாமி இருந்தார். மார்பு உயரக் கல். கூரை இல்லை, பூசாரி இல்லை. மடித்த கால்மேல் கை, கைமேல் கை. எண்ணெய்ப் பிசுக்குக்குள் சுருள் சுருளாகத் தலைமுடி, தோளைத் தொடுகிற காது, மூடிய கண். பினாங்கில் இவரைத் தங்கமுலாம் பூசி, கப்பல் நீளத்துக்குப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். இங்கே காக்கை எச்சத்தோடு நெல் வயலுக்குக் காவல் இருப்பவர்போல் இருந்தார். அண்ணன் மண்டியிட்டு, பர்மாக்காரர்கள் செய்வதுபோல் மூன்று தடவை நெற்றி தரையில் படக் கும்பிட்டார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முதலில் தலையோடு நல்லெண்ணெய். கல் கன்னங்கரேல் என்று மின்னியது. “வெளியூர்லேர்ந்து வர்ற ஆம்பளைக்கு மொதல்ல எண்ண தேச்சி ஊத்தணுமில்ல?” என்றாள் என்னிடம். அடுத்தது பச்சரிசி மாவு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாமி வெளுத்தார். அப்புறம் இழைத்த மஞ்சள். கடைசியில் குங்குமம்.

“கறுப்பு” என்று அண்ணன் என் காதில் சொன்னார். “வெளுப்பு” என்றார். மஞ்சளுக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குங்குமம் வைக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். வீட்டை விட்டுப் போவதற்காக அவர் படித்த நான்கு படிகளையும் அவரை வீட்டுக்கு வரவைப்பதற்காக இவள் வெள்ளிக்கு வெள்ளி ஏறி இறங்கியிருக்கிறாள். அதுவும் யாரிடம்? தூங்குகிற மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியேறினவரிடம்! அங்கே இருந்தவர்களில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

சாமிக்கு வைத்த குங்குமத்தில் மிச்சத்தைத் தாலியில் வைத்துக்கொண்டு, அக்கா அண்ணன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கடலூர் போனவன் பெண்டாட்டி, கண்டிக்குப் போனவன் பெண்டாட்டி, பம்பாய்க்காரனின் புதுப்பெண். அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கஸ்தூரி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, ரங்கூனு உங்க ஊருக்குப் பக்கமா? எங்க வூட்டுக்காரரு அங்கதான் போனாரு. ரெண்டு காதுலயும் கடுக்கன் இருக்கும். செவப்பா இருப்பாரு. பாத்திருக்கீங்களா?”

“பாக்கலம்மா” என்றார் அண்ணன்.

“பரவால்ல. நீங்களே வந்துட்டீங்க. அவரு வராம எங்க போவப் போறாரு?”

பெண்கள் வண்டிப் பக்கம் போனார்கள். அக்கா பக்கத்துக் குளத்தில் இறங்கிக் குடத்தைத் தேய்த்தாள். அண்ணன் படியில் உட்கார்ந்தார். நான் நகரப் பார்த்தேன். “இரு தம்பி. உனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லையே” என்றாள் அக்கா. பிறகு அவரைப் பார்க்காமலே, “கேக்க வந்ததக் கேளுங்க” என்றாள்.

அண்ணன் திகைத்துப் போனார். “நான் ஒண்ணும்…”

“வந்த அன்னிக்கே பையப் பாத்தேன். வூட்டுக்கு வந்த மனுசன் பைய ஆணியில மாட்டுவாரு. தலைக்கு வெச்சிக்கினு தூங்க மாட்டாரு.”

அண்ணன் சொன்னார். பிக்கு, காவி, அனுமதி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா குடத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“கப்பல் ஏறுனப்ப கேட்டீங்களா?”

“இல்ல.”

“இப்ப மட்டும் எதுக்கு?”

“கேட்டுட்டு வரணும்னு பிக்கு சொல்லிட்டாரு.”

“நல்ல மனுசன்” என்றாள். “அவர அன்னிக்கே பாத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?”

அண்ணன் உடைந்துவிட்டார். “பாக்கியம், இந்தச் சாமி யாருன்னு உனக்குத் தெரியுமா? இவர்…”

“யாரா இருந்தா எனக்கு என்னா? கேட்டத அப்படியே குடுத்தாரு. நான்தான் கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்.” குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். “இவரு திரும்பி வரணும், திரும்பி வரணும்னுதான் வேண்டிக்கினேன். வந்து இருக்கணும்னு ஒரு வெள்ளிக்கெழம கூட வேண்டிக்கல. வந்துட்டா இருந்துடுவாருன்னு நெனச்சிக்கினேன்.”

அண்ணன் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். “நான் இருந்துடறேன் பாக்கியம். காவியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“வேணாங்க” என்றாள் உடனே. கோபமாகச் சொல்லவில்லை. “ஆளே இல்லாம இருந்து எனக்குப் பழகிப்போச்சி. ஆளு இருந்தும் இல்லாம இருக்கறதுக்கு இனிமே புதுசா பழக முடியாது. போங்க. மனசாரத்தான் சொல்றேன். உங்க சாமியாருகிட்ட அப்படியே சொல்லுங்க.”

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒண்ணு மட்டும் செய்யணும்” என்றாள். “கஸ்தூரிக்கும் மத்ததுங்களுக்கும் இது தெரிய வேணாம். கடை கணக்கெல்லாம் முடிச்சிக்கினு வரப் போறாருன்னு சொல்லிக்கிறேன். கெளம்பறப்ப எல்லாரும் வருவாளுங்க. நீங்க உங்க வாயால போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவணும்.”

“பொய் சொல்ல மாட்டேன்னு விரதம் எடுத்திருக்கேன் பாக்கியம்.”

“எனக்கோசரம் ஒண்ணு சொல்லுங்க” என்றாள். “உங்க சாமியாரு அத மன்னிச்சிட்டு காவி குடுக்கட்டும். குடுக்கலன்னா அவரு என்னா பெரியவரு?”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கஸ்தூரி, ரங்கூனில் அவள் வீட்டுக்காரரைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லி ஒரு ஊறுகாய் ஜாடி வைத்தாள். பினாங்கும் ரங்கூனும் பக்கத்துத் தெரு இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. அக்கா எனக்கு ஒரு இட்லிப் பொட்டலம் கொடுத்தாள். என் மனைவிக்கு என்று அவளே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த புடவை என் பெட்டியில் இருந்தது. இனி இந்த ஊருக்கு நான் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் புடவையின் கரையைப் பற்றி மட்டும் பேசினோம்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் ஏறிவிட்டார். பெண்கள் எல்லாரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊருக்குப் போகிறவர் சொல்லிக்கொள்ள வேண்டும், அவர் சொல்லாமல் பஸ் புறப்படுவது அபசகுனம். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். விரதத்தை நினைக்கிறாரா, வேறெதையாவது நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“சொல்லுங்கண்ணா, வண்டி கெளம்புது” என்றாள் கஸ்தூரி.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. “போயிட்டு வரேன் பாக்கியம்” என்றார்.

பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னதே பாக்கியம் அக்காதான். குளக்கரையில் நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தவள். அவள் இரண்டு அடி முன்னால் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப?” என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் நகர்ந்துவிட்டது.